தாழ்ப்பாள் யார் கையில்?

தலைமை இருக்கையில் அமர்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்திருக்கும் தலைவர் அவர்களே! பகலெல்லாம் செங்கல் சுமந்த தோளோடு வந்து, இந்தப் புதுக் கட்டடத்தின் தூண்களைவிட உறுதியாய் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் உறங்கவைத்துவிட்டு, உறங்காத கண்களோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காத குறையைச் சுற்றுச்சுவர்மேல் ஏறித் தீர்த்துக்கொண்ட இளைஞர்களே... தம்பிகளா, பார்த்து! அந்தச் சுவரில் பூச்சு இன்னும் காயவில்லை! உங்கள் அனைவருக்கும், வயதில் மூத்தவளும் வாயில் இளைத்துப்போகாதவளுமான என்னுடைய வணக்கம்.

நாளை நீங்கள் இந்தக் குடியிருப்புக்குள் குடிவரப் போகிறீர்கள். நீங்களே அடித்தளம் தோண்டி, நீங்களே சுவர் எழுப்பி, நீங்களே சுண்ணாம்பு பூசிய வீடுகள். குடிவருமுன் விதிகளை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று கூடியிருக்கிறீர்கள். என்னை அழைத்து, "அம்மா, இலட்சியச் சமுதாயம் என்ற தலைப்பில் கொஞ்சம் பேசுங்கள்" என்றார்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் தெரியுமா? மற்றவர்கள் அதைப் பற்றிப் படித்திருப்பார்கள். பாடியிருப்பார்கள். நானோ அதற்குள் குடியிருந்தவள்! அதன் மாடிப்படியில் உட்கார்ந்து தலை உலர்த்தியவள்! அதன் கொடியில் துணி காயப்போட்டவள்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைத்தான் சொல்கிறேன்.

உங்களைப் போலவே நாங்களும் உழைப்பாளிகள். ஆயத்த ஆடை ஆலையில் வேலை. நான் துணி வெட்டும் மேசையில் நின்றேன். சுற்றிலும் ஒற்றை அறை வாடகை வீடுகள். சுவர் என்று ஒன்று இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இந்த வீட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அந்த வாழ்க்கை போதும் என்று ஒருநாள் ஒருவர் எழுந்து நின்றார். ஆலையின் தச்சர். மேசை செய்பவர், பெட்டி செய்பவர், உடைந்த நாற்காலிக்கு உயிர் கொடுப்பவர். அவர்தான் என் அப்பா.

"நமக்குன்னு ஒரு இடம் வேணும்பா. அங்க யாரும் தனியா பட்டினி கிடக்கக் கூடாது. யாரும் தனியா அழக் கூடாது." இவ்வளவுதான் அவர் சொன்னது. இதற்குமேல் அவருக்குப் பேசத் தெரியாது. பேசும் வேலையை எனக்கு விட்டுவிட்டார் என்று வையுங்கள்.

விடுமுறை நாளெல்லாம் விடுமுறையின்றி உழைத்தோம். எழுந்தது கட்டடம். நடுவில் முற்றம். முற்றத்தின் ஓரத்தில் பொதுச் சமையலறை. அதற்கு அரசியாக ஒரு பெரியம்மா. கையில் கரண்டி, கண்ணில் கனிவு, வாயில் மட்டும் வசவு! குழந்தைகளுக்கு ஒரு கூடம், எல்லாருக்கும் ஒரு வாசிப்பறை. அத்தனை வீடுகளுக்கும் என் அப்பாவே கதவு செய்தார். இழைத்து இழைத்துக் கண்ணாடி போலச் செய்தார். ஆனால் அந்தக் கதவுகளில் ஒன்று இல்லை. கைப்பிடி உண்டு, கீல் உண்டு, நிலை உண்டு. உள்பக்கத்தில் தாழ்ப்பாள் கிடையாது!

என்னம்மா, இரண்டாம் வரிசையில் திடுக்கிட்டுப் பார்க்கிறீர்கள்? குளியலறைக்கு உண்டு! பயப்படாதீர்கள். அதற்கும் வேண்டாம் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். சமையலறைப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்தக் கோரிக்கையை அந்த நொடியே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அந்த ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஆலையில் நூல் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். எங்கள் விதிமுறைகளைத் தலைகீழாக ஒப்பிப்பார். எதற்கெடுத்தாலும் "மூணாம் பிரிவு என்ன சொல்லுதுன்னா" என்று ஆரம்பிப்பார். அதனால் அவருக்கு 'மூணாம் பிரிவு' என்றே பெயராகிவிட்டது. அவர் மனைவிகூட, "மூணாம் பிரிவு இன்னும் சாப்பிட வரலையா?" என்றுதான் கேட்பார். அந்த மூன்றாம் பிரிவு என்ன சொன்னது? "எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை. நமக்குள் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. மீறுவோர் வீட்டைக் காலி செய்ய வேண்டும்." அப்படித்தான் சொன்னது.

அது கெட்ட வாழ்க்கையா? இல்லை! ஆயிரம் முறை கேட்டாலும் இல்லை என்பேன்! குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய் விழிக்குமுன் பக்கத்து வீட்டுக்காரி விழித்திருப்பாள். வேலை போனவனுக்கு வேலை கிடைக்கும்வரை தட்டு காத்திருக்கும். மனைவிமேல் கை ஓங்கிய ஒருவன், ஓங்கிய கையை இறக்குமுன் வாசலில் கூட்டத்தைப் பார்த்தான். அந்தக் கை அதற்குப் பிறகு ஓங்கவே இல்லை. இதற்குப் பெயர் சொர்க்கம் இல்லையென்றால், வேறு எதற்குப் பெயர் சொர்க்கம்?

அந்தச் சொர்க்கத்துக்குள் ஒரு பெண் வந்தாள்.

எங்கள் ஆலையில் இஸ்திரி போடும் பகுதியில் வேலை செய்தவள். தனியாள். கணவன் இருந்தானா, இறந்தானா, வரவே இல்லையா, யாருக்கும் தெரியாது. நாங்கள் இஸ்திரி அக்கா என்போம். காலையிலிருந்து மாலைவரை நின்றபடியே நீராவிக்கு நடுவில் வேலை. சுற்றிலும் இயந்திரங்களின் இரைச்சல். வேலை முடிந்து வருவாள், எல்லாரோடும் சாப்பிடுவாள், முறை வந்தால் பாத்திரம் துலக்குவாள், அடுத்தவர் முறையும் சேர்த்துத் துலக்குவாள். பிறகு தன் அறைக்குப் போய், சன்னலைப் பார்த்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

உட்கார விட்டோமா? விடவில்லையே! ஒருத்தி கதவைத் தள்ளிக்கொண்டு போவாள்: "என்னக்கா, தனியா உட்கார்ந்திருக்கீங்க?" அவள் போனதும் இன்னொருத்தி: "இந்தக் குழந்தையைக் கொஞ்சம் வெச்சுக்கோங்க, நேரம் போகும்." அடுத்து பெரியம்மா தேநீரோடு: "மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு? குடி!" எல்லாம் அன்பு. அப்பழுக்கில்லாத அன்பு. ஆனால், அன்பும் கதவைத் தட்டாமல் வந்தால் அதற்கு என்ன பெயர், சொல்லுங்கள்? படையெடுப்பு!

ஒருநாள் மாலை அவள் என் அப்பாவிடம் வந்தாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அண்ணே, ஸ்க்ரூ முடுக்குற கருவி ஒண்ணு தர்றீங்களா?"

"எதுக்கும்மா?"

"ஒரு சின்ன வேலைண்ணே."

"நான் வந்து பண்ணித் தரட்டுமா?"

"இல்லண்ணே, இது நானே பண்ண வேண்டியது."

அப்பா எடுத்துக் கொடுத்தார். தாழ்ப்பாள் இல்லாத உலகத்தைப் படைத்தவர், அதில் முதல் தாழ்ப்பாளை மாட்டுவதற்கான கருவியைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். தெரியாமல்தான்!

மறுநாள் பெரியம்மா வழக்கம்போலத் தேநீரோடு போய்த் தோளால் கதவைத் தள்ளினார். கதவு திறக்கவில்லை. தேநீர் புடவையில் கொட்டியது. அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டுக் கதவு திறக்காமல் இருந்தது அதுதான் முதல் முறை. பெரியம்மா பதறிப்போய், "அய்யோ, உள்ள என்னமோ ஆயிடுச்சு!" என்று கூவ, முற்றமே ஓடிவந்தது. கதவைத் திறந்துகொண்டு இஸ்திரி அக்கா நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல பெரியம்மா. சும்மா உட்கார்ந்திருந்தேன்."

கதவின் உள்பக்கம் ஓர் இரும்புத் தாழ்ப்பாள். கோணலாக மாட்டியிருந்தாள்.

அன்றிலிருந்து வதந்தி கிளம்பியது. உள்ளே யாரோ ஆள் வந்து போகிறான் என்றார் ஒருவர். ஆலைத் துணியைத் திருடி மறைக்கிறாள் என்றார் இன்னொருவர். ஏதோ வெளியே சொல்ல முடியாத நோய் என்றார் மூன்றாமவர். முதல் நாள்வரை அவள் துலக்கிக் கொடுத்த தட்டில் சாப்பிட்டவர்கள்தான்! ஒரு சாண் இரும்புக்கு இப்பாலிருந்து பார்த்தால், அப்பால் இருக்கும் மனிதர் எவ்வளவு சீக்கிரம் அந்நியராகிவிடுகிறார், பார்த்தீர்களா?

மூணாம் பிரிவு கூட்டத்துக்கு அறிவிப்பு ஒட்டினார். விதி மீறல். வீட்டைக் காலி செய்வது குறித்து முடிவு. அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு முந்திய நாள் பெரியம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது.

"இங்க பாருடி, ஒரே ஒரு காரணம் சொல்லிடு. ஒத்தத் தலைவலி, வெளிச்சம் ஆகாதுன்னு சொல்லு. இல்ல, கும்பிடுறப்ப யாரும் வரக் கூடாதுன்னு சொல்லு. நான் முதல் ஆளா கை தூக்குறேன். எல்லாரையும் தூக்க வைக்கிறேன். போதுமா?"

அவள் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காரணம் இருக்கு பெரியம்மா. சொன்னா நீங்க எல்லாரும் அழுதுடுவீங்க. உடனே கை தூக்கிடுவீங்க. ஆனா நாளைக்கு இன்னொருத்தி வருவா. அவகிட்ட அழ வைக்கிற மாதிரி காரணம் இருக்காது. கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்னு மட்டும் தோணும். அவ என்ன பண்ணுவா?"

பெரியம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு வசவுகூட இல்லாமல் எழுந்து நடந்தார். நான் அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

இதோ, பின்னாலிருந்து ஒரு குரல். "அந்தக் காரணம் என்னன்னு சொல்லுங்கம்மா" என்கிறார். ஐயா, அதைத் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்! இன்றுவரை தெரியாது. அவள் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டோமே, அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் கூடியது. வாசிப்பறையில் உட்கார இடமில்லை. தலைமை நாற்காலியில் அப்பா. மூணாம் பிரிவு எழுந்து விதியை வாசித்தார். அவர் குரலில் கோபம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கடைசியில் இதையும் சேர்த்தார்: "எனக்கு இந்த அம்மா மேல எந்தக் கசப்பும் இல்ல. ஆனா ஒருத்தருக்கு விட்டா, விதி அன்னைக்கே செத்துப் போச்சு."

பிறகு அப்பா எழுந்தார். அவர் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"இந்த விதிய நான்தான் எழுதினேன். ஏன் எழுதினேன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கு ஒரு அக்கா இருந்தா. அம்மா இல்லாத வீட்ல என்னை வளர்த்தவ. ஒரு ஒண்டிக் குடித்தன வீட்டுக்குக் கல்யாணம் பண்ணிக் குடுத்தோம். அவன் குடிச்சுட்டு அடிப்பான். அடிக்கிறதுக்கு முன்னாடி கதவை உள்ள தாழ் போட்டுடுவான். சத்தம் கேக்கும். அக்கம்பக்கம் எல்லாருக்கும் கேக்கும். தாழ் போட்ட வீடு, அவங்க வீட்டு விஷயம்னு போயிடுவாங்க. ஒருநாள் சாயங்காலம் கதவைத் திறந்தப்ப, அக்கா உயிரோட இல்ல."

அவர் நிறுத்தினார்.

"அதுக்குத்தான் தாழ்ப்பாளே இல்லாம கதவு செஞ்சேன். இங்க எந்தப் பொண்ணும் அப்படிச் சாகக் கூடாது. அவ்வளவுதான்."

பெண்கள் அழுதார்கள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அவையோரே, அந்த நேரத்தில் வாக்கெடுப்பு நடந்திருந்தால் இஸ்திரி அக்கா வீதியில் நின்றிருப்பாள். தீயவர்கள் துரத்தியிருந்தால் போராடலாம். நல்லவர்கள், கண்ணீரோடு, நல்ல காரணத்துக்காகத் துரத்தினால் எதிர்த்து நிற்க எங்கே போவது?

அவள் எழுந்து நின்றாள். இஸ்திரிச் சூடு பட்டுத் தழும்பேறிய கைகள். அவற்றைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, கூப்பவும் இல்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"அன்னைக்குத் தாழ்ப்பாள் போட்டது யாரு?"

"அவன்தான்."

"உங்க அக்கா ஓடிப் போயி உள்ள ஒளிஞ்சுக்க ஏதாவது இடம் இருந்துச்சா?"

அப்பா சற்று யோசித்தார். "உள்ள சமைக்கிற இடம் ஒண்ணு இருந்துச்சு."

"அதுக்குக் கதவு?"

"இருந்துச்சு."

"தாழ்ப்பாள்?"

அப்பா கண்களை மூடிக்கொண்டார். அவர் தச்சர். ஒரு கதவை ஒருமுறை பார்த்தால் அதன் ஆணிகூட அவர் நினைவில் நிற்கும். இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டின் வாசற்கதவை மட்டுமே மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த நொடியில்தான் உள்ளே போய் மற்றொரு கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் அது தெரிந்தது.

"இல்ல," என்றார். "அக்கா முதுகால அந்தக் கதவை அடைச்சுக்கிட்டு நின்னிருக்கா. தரையில அவ கால் தேய்ஞ்ச தடம் இருந்துச்சு. நான் பார்த்தேன். அவளால முடியல."

"ஒரு தாழ்ப்பாள் இருந்திருந்தா, அண்ணே?"

அதற்கு என்ன பதில் சொல்வது? நீங்கள் சொல்வீர்களா? நான் சொல்வேனா? அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து போக நினைத்தேன். கையை அசைத்து வேண்டாம் என்றார். பிறகு யாரும் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னார்.

"அன்னைக்கு நானும் போயிக் கதவைத் தட்டினேன். ஒண்ணுமில்ல மச்சான், நாளைக்கு வான்னு உள்ள இருந்து அவன் சொன்னான். நான் திரும்பிட்டேன்."

"அக்கா பேசினாங்களா?"

"இல்ல. அவ குரலைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையேம்மா..."

என் அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். அழுதவரின் அருகே சென்று தண்ணீர்க் குவளையை நீட்டியவள் இஸ்திரி அக்கா. எந்த மனிதரின் விதி தன்னை வீட்டைவிட்டு வெளியேற்றப் போகிறதோ, அந்த மனிதருக்கு!

அன்று வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஒத்திவைக்க வேண்டும் என்று கையை உயர்த்திச் சொன்னவர் யார் தெரியுமா? மூணாம் பிரிவு!

அடுத்து வந்த சில நாள்கள் பட்டறையில் இழைப்புளி ஓயவில்லை. அப்பா யாரோடும் பேசாமல் ஏதோ செய்துகொண்டிருந்தார். ஒரு மாலையில், கையில் கருவிப் பெட்டியும் மரத்தால் செய்த அழகான தாழ்ப்பாள் ஒன்றுமாக இஸ்திரி அக்காவின் அறைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வழக்கமாகத் தள்ளிக்கொண்டு நுழைகிற கதவு. அப்பா நின்றார். விரலை மடக்கித் தட்டினார்.

எங்கள் சொர்க்கத்தில் கேட்ட முதல் தட்டல்!

"யாரு?"

"நான்தாம்மா. உன் தாழ்ப்பாள் கோணலா இருக்குல்ல, சரி பண்ணித் தரலாம்னு வந்தேன். வரலாமா?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு அவள் குரல், பயமில்லாமல், பணிவு குறையாமல் வந்தது:

"இப்ப வேண்டாம்ணே. நாளைக்கு வர்றீங்களா?"

அந்தக் கட்டடத்தைக் கனவு கண்டவர், அந்தக் கதவை இழைத்தவர், அந்தக் கூட்டத்தின் தலைவர், தம் சொந்தச் சொர்க்கத்தின் வாசலில் கருவிப் பெட்டியோடு நிற்கிறார். "இப்போது வேண்டாம்" என்கிறாள் ஒரு தொழிலாளி. என்ன செய்தார் அவர்? முகம் சுளித்தாரா? சத்தம் போட்டாரா? சிரித்தார், அவையோரே! வாய் கொள்ளாமல் சிரித்தார். "சரிம்மா, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, பரிசு வாங்கிய பிள்ளையைப் போலப் படியிறங்கினார். "என்னப்பா, திருப்பி அனுப்பிட்டாங்க, சிரிக்கிறீங்க?" என்று கேட்டேன். "அவளே சொன்னாளே, கேட்டியா? அவ குரல்லயே சொன்னா!" என்றார்.

மறுநாள் அவளே வந்து அழைத்தாள். தாழ்ப்பாள் நேரானது.

பிறகு கூடிய கூட்டத்தில் அந்த விதியைத் திருத்தி எழுதினோம். எழுதியவர் நூல் கிடங்குக்காரரேதான். சட்டத்தை அவரைப்போல் நேசித்தவர் வேறு யார்? அவர் எழுதியதை நான் மனப்பாடமாகச் சொல்கிறேன்: "ஒவ்வொரு கதவுக்கும், உள்ளறைக் கதவுக்கும்கூட, விரும்பினால் தாழ்ப்பாள் உண்டு. தாழிடுபவர் காரணம் சொல்லத் தேவையில்லை. துயரம் என்று தோன்றினால் எவர் கதவையும் எவரும் தட்டலாம். தோன்றியும் தட்டாமல் போவது குற்றம். தட்டினால், உள்ளே இருக்கும் ஒவ்வொருவரின் குரலும் கேட்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது."

கைதட்டுகிறீர்கள், பொறுங்கள். எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு குடும்பங்கள் வெளியேறிவிட்டன. "இனி இதுவும் மத்த கட்டடம் மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியம்மாவுக்கு மனம் ஆறவே வெகுநாள் ஆயிற்று. "நான் தேநீர் கொண்டுபோனது தப்பாடி?" என்று என்னிடம் கேட்டு மூக்கைச் சிந்தினார். தப்பில்லை என்றேன். ஆனாலும் அவர் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற அந்த அதட்டலும் அரவணைப்பும் எங்கள் கட்டடத்தில் குறைந்துதான் போயின. அது இழப்புதான். இழப்பில்லாமல் கிடைத்தது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் கிடைத்தது என்ன என்பதையும் கேளுங்கள்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகல். புதிதாகக் குடிவந்திருந்த இளம் தம்பதி. அவன் ஆலையில் மெக்கானிக். எல்லாரிடமும் நன்றாகச் சிரித்துப் பேசுவான். அன்று அந்த வீட்டில் பாத்திரம் உருண்டது. அவன் குரல் உயர்ந்தது. பிறகு திடீரென்று எல்லாம் அடங்கியது. அடங்கியதுதான் எங்களுக்குப் பயத்தைக் கொடுத்தது. பெரியம்மா போனார், நான் போனேன், நூல் கிடங்குக்காரர் வந்தார். எங்களுக்கு முன்னால் அங்கே நின்றிருந்தாள் இஸ்திரி அக்கா. தட்டினாள்.

"ஒண்ணுமில்லக்கா. எங்க வீட்டு விஷயம். போங்க," என்றான் உள்ளிருந்து.

அன்றொரு நாள் என் அப்பா கேட்டுத் திரும்பிப்போனாரே, அதே பேச்சு! கால் நகருமா? நகர்ந்ததா?

"உன் குரல் கேட்டுச்சு தம்பி," என்றாள் அக்கா. "அவ குரல் கேக்கணும்."

"அவ தூங்குறா."

"எழுப்பு. நாங்க நிக்கிறோம்."

நின்றோம். கத்தவில்லை, கதவை உடைக்கவில்லை, வசைபாடவில்லை. தட்டினோம், நின்றோம், நின்றோம், தட்டினோம். மாடியிலிருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கடைசியில் வீட்டின் உள்ளறையிலிருந்து, இரண்டு கதவுகளுக்கு அப்பாலிருந்து, ஒரு மெல்லிய குரல்:

"பெரியம்மா... நான் உள்ள தாழ் போட்டிருக்கேன். எனக்கு வெளிய வரணும்."

"வாடி என் கண்ணு!" என்று பெரியம்மா கத்திய கத்தலில் கட்டடமே அதிர்ந்தது. "தம்பி, கதவைத் திற. ஓரமா நில்லு." அவன் திறந்தான். திறக்காமல் என்ன செய்வான்? வாசலில் நின்றது கும்பல் அல்ல, ஒரு குடியிருப்பு! உள்தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. அந்தப் பெண் வெளியே வந்தாள். நெற்றியில் காயம். உதடு வீங்கியிருந்தது. ஆனால் நடந்து வந்தாள், அவையோரே! தன் கால்களால் நடந்து வந்தாள்! "அடிக்க வந்தாரு, உள்ள ஓடித் தாழ் போட்டுக்கிட்டேன், அப்புறம் தட்டுற சத்தம் கேட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்து பெரியம்மாவின் தோளில் சாய்ந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற என் அப்பா, அந்த உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் அவனோடு சேர்ந்து வாழ்ந்தாளா, பிரிந்துவிட்டாளா? முன்வரிசைத் தாய் ஒருவரின் உதட்டில் அந்தக் கேள்வி துடிக்கிறது, தெரிகிறது! அம்மா, மன்னியுங்கள். அது அவள் சொல்ல வேண்டியது. நான் சொல்ல மாட்டேன்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தை என் பக்கம் இன்னும் சற்று நகர்த்திவிட்டார். முடித்துக்கொள்கிறேன்.

அன்பானவர்களே! இலட்சியச் சமுதாயம் என்றால் என்ன? எல்லாரும் நல்லவர்களாக இருக்கும் இடமா? எங்கள் கட்டடத்தில் எல்லாரும் நல்லவர்கள்தான். அந்த நல்லவர்கள்தான் ஒரு நல்லவளை வெளியே அனுப்ப இருந்தார்கள். எல்லாரும் ஒன்றாக இருக்கும் இடமா? ஒன்றாக இருப்பது இனிதுதான்; ஆனால், ஒதுங்கியிருக்க முடியாதவன் ஒன்றாக இருப்பதில்லை, அடைபட்டிருக்கிறான். அப்படியானால் அவரவர் கதவை அடைத்துக்கொண்டு அவரவர் பாட்டைப் பார்ப்பதா? அந்தச் சமுதாயத்தில்தான் என் அத்தை செத்தாள்! அங்கே தாழ்ப்பாள் இருந்தது. தட்டுகிற கை இல்லை. எங்கள் சொர்க்கத்தில் ஓராயிரம் கைகள் இருந்தன, தாழ்ப்பாள் இல்லை. இரண்டும் வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் வேண்டும். தட்டுவது நம் கடமை! திறப்பது அவர் உரிமை! கடமையைச் செய்துவிட்டதால் உரிமை நம்முடையதாகிவிடாது. உரிமை அவருடையது என்பதால் கடமை நம்மைவிட்டுப் போய்விடாது.

இனி நீங்கள் விதி எழுத உட்காரும்போது, ஒவ்வொரு விதியையும் உரக்க வாசியுங்கள். வாசித்துவிட்டுக் கேளுங்கள்: இந்தக் கூட்டத்திலேயே வலுவில்லாதவர், பேசத் தெரியாதவர், பெரும்பான்மைக்குப் பிடிக்காதவர், "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால், நாளையும் அவருக்கு இங்கே தட்டு வைப்போமா? நாளையும் அவர் பிள்ளையைத் தூக்குவோமா? நாளையும் அவரைப் பார்த்தால் சிரிப்போமா? "ஆம்" என்று உங்கள் நெஞ்சு சொன்னால் எழுதுங்கள், கல்லில் வெட்டுங்கள்! நெஞ்சு தயங்கினால், எவ்வளவு அழகான விதியாக இருந்தாலும், எவ்வளவு தூய கண்ணீரிலிருந்து பிறந்த விதியாக இருந்தாலும், அதை எழுதிய கையாலேயே அடித்துவிடுங்கள். எழுதிய கைக்கு அடிக்கவும் துணிவு இருக்கட்டும். என் தந்தையின் கைக்கு அது இருந்தது. உங்கள் கைகளுக்கும் இருக்கும். கல்லும் மண்ணும் சுமந்து காய்த்துப்போன கைகள் அல்லவா இவை!

இவ்வளவு நேரம் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்ட பெரியோர்களுக்கும், உறங்கும் பிள்ளையின் பாரத்தில் மடி மரத்துப்போயும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும், ஈரச் சுவரைச் சேதப்படுத்தாமல் பொறுமை காத்த தம்பிகளுக்கும், பெருந்தன்மையோடு கடிகாரத்தை மறந்துபோன தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. நீங்கள் கட்டிய வீடுகளில் நீங்கள் நீங்களாகவே நெடுநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தி, வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்!